பூ இருக்கு, காய் இல்லை: பீர்க்கு, கத்தரி, பப்பாளி பூ அமைப்பு பற்றிய இழை

#1 — மாடிச்செடி
இடம் திருச்சி. மாடியில் க்ரோ பேக்கில் பீர்க்கும் சுரையும் பந்தல் ஏறியாச்சு. பூ தாராளமா வருது, காலையில் பார்த்தா பாதி கீழே உதிர்ந்து கிடக்கு. கீழே தரையில் கத்தரி, அதிலயும் பூ காம்போட விழுது. பக்கத்துல ஒரு பப்பாளி, நீளமா சரம் சரமா பூ தொங்குது, ஒரு பிஞ்சுகூட இல்லை. பூ உதிராம இருக்க எந்த டானிக் நல்லது? மூணுக்கும் ஒண்ணே போதுமா?

#2 — பந்தல்காரர்
டானிக்கை ஓரமா வைங்க. மூணும் மூணு வேற கணக்கு. முதல்ல உதிர்ந்து கிடக்குற பீர்க்கம்பூ ஒண்ணைக் கையில் எடுத்து இதழுக்குக் கீழே பாருங்க. வெறும் காம்பு மட்டும் இருந்தா அது ஆண்பூ. அது ஒரு பொழுதுக்குத்தான் பூக்கும், அப்புறம் விழத்தான் செய்யும். அதுக்கு மருந்தும் கிடையாது, தேவையும் இல்லை.

பெண்பூன்னா இதழுக்கு அடியிலேயே ஒரு குட்டிக் காய் இருக்கும். பீர்க்குல வரி வரியா விரல்கணக்குல, சுரைல பட்டு மாதிரி ரோமத்தோட, பாகல்ல முள்ளு முள்ளா. பீர்க்குல இன்னும் சுலபம்: ஒரே கணுவுல நீளக் காம்புல கொத்தா மொட்டு இருக்கிறது ஆண், தனியா ஒண்ணு நிக்கிறது பெண். கொடி ஏறின புதுசுல ஒண்ணு ரெண்டு வாரம் ஆண்பூவாவேதான் வரும்.

இப்ப விழுறது பெண்பூவா இருந்தா எப்படி விழுதுன்னு சொல்லுங்க. பிஞ்சு வளராமலே ரெண்டு மூணு நாள்ல நுனியில் இருந்து மஞ்சளாகி சுருங்கினா மகரந்தம் சேரலை. கொஞ்சம் வளர்ந்து, ஒரு இடத்துல ஊசி குத்தின மாதிரி புள்ளி, அதுல பிசின், அப்புறம் வளைஞ்சு அழுகினா பழ ஈ. ரெண்டையும் குழப்பிக்காதீங்க, வைத்தியம் வேற வேற.

#3 — தாவரவியல்_ஆசிரியை
பந்தல்காரர் ஐயா சொன்னதோடு, பூவைப் பிரித்துப் பார்த்தால் தெரிகிற ஒன்றிரண்டையும் சேர்க்கிறேன்.

பீர்க்கும் சுரையும் சேர்ந்த பூசணிக் குடும்பத்தில் சூற்பை, அதாவது காயாக வளரும் பகுதி, இதழ்களுக்குக் கீழே இருக்கிறது. அதனால்தான் பூக்கும் முன்பே பெண் எது என்று வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிட முடிகிறது. ஆண்பூவைத் திறந்தால் மகரந்தத்தாள் மூன்று இருப்பது போலத் தெரியும். உண்மையில் ஐந்து, இரண்டிரண்டாக இரு சோடி ஒட்டிக்கொண்டு, ஒன்று தனியாக நிற்கிறது. மகரந்தப்பைகள் வளைந்து நெளிந்து மடிந்திருப்பதால் சின்ன இடத்தில் நிறையத் தூள் அடங்குகிறது. அந்தத் தூள் கனமானது, பசை உள்ளது. காற்றில் பறக்காது. பூச்சியோ உங்கள் கையோ கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் உண்டு.

பெண்பூவில் சூலகமுடி, அதாவது தூளை ஏற்கும் நுனி, மூன்று மடல். ஒவ்வொரு மடலும் மேலே இரண்டாகப் பிளந்திருக்கும். எல்லா மடலிலும் தூள் விழ வேண்டும். ஒரு மடலில் மட்டும் விழுந்தால் சில சூல்கள் மட்டுமே விதையாகும். விதை இல்லாத பக்கம் காய் பெருக்காது. ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் ஒல்லியாக, கொக்கி போல வளைந்து வரும் சுரைக்கும் வெள்ளரிக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். உரக்குறை என்று நினைத்து உரத்தைக் கொட்டுவார்கள்.

அடுத்தது நேரம். பீர்க்கும் சுரையும் மாலை ஐந்து மணியிலிருந்து எட்டுக்குள் விரியும். புடலை இன்னும் சற்றுத் தாமதம், இருட்டிய பிறகு. அதன் வெள்ளை இதழ் ஓரம் நூல் நூலாகக் கிழிந்தது போல இருப்பது இருட்டிலும் துலக்கமாகத் தெரியும். சுரைப்பூவும் வெள்ளை. இவை இரவில் வரும் அந்துப்பூச்சிகளுக்கான பூக்கள். பாகல், பரங்கி, வெள்ளரி, நுரைப்பீர்க்கு ஆகியவை விடியற்காலையில் விரிகின்றன. பரங்கி பத்து மணிக்குள் மூடிவிடும். இவற்றுக்குத் தேனீ போதும்.

#4 — மாடிச்செடி
அப்போ காலைல 8 மணிக்குப் பீர்க்குல பிரஷ் வச்சுத் தடவுறது வேஸ்ட்டா?

#5 — பந்தல்காரர்
கிட்டத்தட்ட வேஸ்ட்தான் தம்பி. ராத்திரி முழுக்க திறந்து கிடந்த ஆண்பூவுல காலைல உயிருள்ள தூள் கம்மி. பிரஷும் வேண்டாம், தூள்ல பாதி பிரஷ் முடிக்குள்ளேயே நின்னுடும்.

முறை இதுதான். மத்தியானம் மூணு நாலு மணிக்குப் பந்தலுக்கு அடியில நின்னு மேல பாருங்க. அன்னிக்கு விரியப் போற பெண் மொட்டு நல்லா உப்பி, இதழ் நுனி மஞ்சளா வெளியே தெரியும்; மறுநாளைக்கானது இன்னும் பச்சையா இறுகி இருக்கும். எண்ணி வச்சுக்குங்க. ஆறு மணி வாக்கில், விரிஞ்ச ஆண்பூவைக் காம்போட பறிச்சு, இதழைப் பூரா கிழிச்சு எடுத்துடுங்க. நடுவுல மகரந்தத்தாள் மட்டும் நிக்கும். அதைப் பெண்பூவோட சூலகமுடி மேல வச்சு லேசா உருட்டுங்க, மூணு மடலும் மஞ்சளா தெரியணும். அழுத்தித் தேய்க்காதீங்க, சூலகமுடி நசுங்கினா அந்தப் பூ போச்சு. ஒரு பெண்ணுக்கு ஒரு ஆண்பூ; ஆண்பூ நிறைய இருந்தா ரெண்டு.

மழை பெஞ்சா தூள் நனைஞ்சு வெடிச்சுடும். அன்னிக்கு ஆண் மொட்டை முன்னாலேயே பறிச்சு வீட்டுக்குள்ள கொண்டு வந்துடுங்க.

சரியா சேர்ந்திருந்தா மூணாம் நாள் காம்பு கீழ்நோக்கி வளையும், பிஞ்சு பச்சை மாறாம பருக்கும்.

#6 — நாற்றங்கால்
எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கி மருந்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? பெண்பூ எண்ணிக்கையைக் கூட்ட அதுதானே பரிந்துரை. பீர்க்கு, சுரை, புடலைக்கு 10 லிட்டர் தண்ணீரில் 2.5 மி.லி., விதைத்த 10–15 நாளில் ஆரம்பித்து வாரம் ஒன்றாக நான்கு முறை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பயிர்க் கையேட்டில் உள்ள அளவு.

#7 — பந்தல்காரர்
ஏக்கர் கணக்குல போடுறவங்களுக்கு சரி. இவர் கொடி பந்தல் ஏறி பூத்தாச்சு, இனி அடிச்சு என்ன புண்ணியம்? ரெண்டு இலை நாலு இலைப் பருவத்துலேயே கணுக்கள்ல எந்தப் பூன்னு முடிவாக ஆரம்பிச்சுடுது, அதனாலதான் 15 நாள்லேயே அடிக்கச் சொல்றாங்க. அளவு கூடினா கொடி குட்டையாகி நிக்கும். நாலு பைக்கு சிரிஞ்சு வச்சு 2.5 மி.லி. அளக்குறதை விட, தாய்க்கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளுங்க. பக்கக்கிளையிலதான் பெண்பூ அதிகம்.

#8 — தாவரவியல்_ஆசிரியை
இருவர் சொல்வதற்கும் அடிப்படை ஒன்றுதான். எத்ரல் செடிக்குள் எத்திலீன் என்ற வளர்ச்சி ஊக்கியாக மாறுகிறது. இந்தக் குடும்பத்தில் எத்திலீன் கூடினால் மொட்டு பெண் பக்கம் சாயும். எல்லா மொட்டிலும் தொடக்கத்தில் ஆண் உறுப்பு, பெண் உறுப்பு இரண்டுக்கும் கரு இருக்கிறது. எது நின்றுபோகிறதோ அதைப் பொறுத்துப் பூவின் பால் அமைகிறது. நீண்ட பகல், கடும் வெயில், தழைச்சத்து மிகுதி ஆகியவை ஆண் பக்கம் தள்ளும். குறுகிய பகலும் மிதமான குளிரும் பெண் பக்கம். சித்திரையில் ஆண்பூவாக வந்து, ஆடிப்பட்டக் கொடி மார்கழிவாக்கில் காய்த்துக் குலுங்குவதற்கு மண்ணை மட்டும் காரணம் சொல்ல முடியாது. மாடிச்செடி, யூரியாவோ மீன் அமிலமோ அடிக்கடி கொடுக்கிறீர்கள் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள்.

#9 — கொல்லைப்புறம்
இடைமறிப்புக்கு மன்னிக்கவும். பக்கத்து வீட்டில் கசப்புச் சுரை இருக்கு. அதோட தூள் என் சுரையில் பட்டா காய் கசக்குமா?

#10 — தாவரவியல்_ஆசிரியை
இந்தக் காய் கசக்காது. நாம் உண்ணும் சதை தாய்ச் செடியின் சூற்பைச் சுவர். தூள் கொண்டுவந்த மரபு உள்ளே விதையில்தான் இருக்கிறது. ஆனால் அந்த விதையை எடுத்து அடுத்த பட்டத்தில் விதைத்தால் கசக்கலாம். நறுக்கியதும் நுனியைக் கடித்துப் பாருங்கள்; கசந்தால் சமைக்கவும் வேண்டாம், சாறாகக் குடிக்கவே வேண்டாம். சுரையின் கசப்பு வேதிப்பொருள் கடும் வாந்தி, இரத்தப்போக்கு வரை கொண்டுபோகும்.

#11 — நாற்றங்கால்
விதைக்கு வைப்பதென்றால்: மாலை நாலு மணிக்கே, விரியாத பெண் மொட்டின் நுனியையும் அதே இரகத்தின் ஆண் மொட்டு நுனியையும் நூலாலோ துணி கிளிப்பாலோ கட்டிவிடுங்கள். விரியும் நேரத்தில் அவிழ்த்து, தடவி, பெண்பூவை மறுபடி மூடிக் கட்டுங்கள். காம்பில் கலர் நூல் ஒன்று. இரண்டாம் நாள் அவிழ்த்துவிடலாம். சான்று விதை வயலில் இதே வேலையை இடைவெளி செய்கிறது, 500 மீட்டர். ஆதார விதைக்கு 1000. மாடியில் அது நடக்காது, நூல்தான் வழி. பீர்க்கும் புடலையும் பக்கத்தில் இருப்பதால் கவலை வேண்டாம், அவை ஒன்றோடொன்று சேராது.

#12 — கத்தரிக்காடு
கத்தரிக்கு வருவோம். கத்தரியில் ஆண்பூ, பெண்பூ என்று தனித்தனியாகக் கிடையாது. எல்லாப் பூவிலும் இரண்டு உறுப்பும் உண்டு. ஆனால் எல்லாப் பூவும் காய்க்காது. செடியில் இருக்கும்போதே பூவைப் பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பாகக் கூடி நிற்கும். அந்தக் கூம்பு நுனியைத் தாண்டிப் பச்சைக் குமிழ் (சூலகமுடி) ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நெடுந்தண்டுப் பூ, காய்க்கும். குமிழ் கூம்பு நுனிக்குச் சமமாக இருந்தால் நடுத்தரம், அதுவும் காய்க்கும். குமிழே தெரியவில்லை, கூம்புக்குள் முங்கிக் கிடக்கிறது என்றால் குறுந்தண்டுப் பூ. அது காம்போடு விழும். பிரித்துப் பார்த்தால் அதன் சூற்பையே மிளகளவுகூட வளர்ந்திருக்காது.

காரணம் கூம்பின் அமைப்பில் இருக்கிறது. கத்தரியின் மகரந்தப்பை நீளவாக்கில் வெடிப்பதில்லை. நுனியில் இரண்டு துளைதான், உப்புக் குலுக்கி போல. பூ தலைகீழாகத் தொங்குவதால், அதிர்ந்தால் தூள் கீழே கொட்டும். நீண்ட சூலகத்தண்டின் முடி சரியாக அந்த வழியில் நிற்கிறது. குட்டைத் தண்டின் முடியோ துளைக்கு மேலே, உள்ளே. அதன் மேல் எதுவும் விழாது. அந்தப் பூக்கள் செடிக்கு ஆண்பூ வேலை மட்டும் செய்கின்றன. செடிக்கு இது வீண் செலவும் இல்லை, தூள் கொடுக்க ஒரு குட்டிப் பூ போதும், காய் சுமக்கத்தான் பெரிய சூற்பை வேண்டும்.

கொத்தில் அடியில் தனியாகப் பெரிதாக வரும் முதல் பூ பெரும்பாலும் நெடுந்தண்டு. பின்னால் வருபவை குட்டை. செடியில் முற்றிய காய் நிறைய நின்றாலும், செடி கிழடானாலும், வெயில் ஏறினாலும் குட்டைப் பூவின் பங்கு கூடும். காய் பளபளப்பாக இருக்கும்போதே பறியுங்கள். மங்கி, பழுப்பேறும் வரை விட்டால் அந்தக் காய் அடுத்த பூக்களைக் குட்டையாக்கும். வேறு மருந்து வேண்டாம்.

ஒன்றே ஒன்று மட்டும் கவனம். பூ ஊதா நிறமே இல்லாமல் பச்சையாக, இலை போல மாறி, இலைகளும் குட்டி குட்டியாகக் கொத்தினால் அது சிற்றிலை நோய். தத்துப்பூச்சி பரப்பும். அந்தச் செடியில் இனிக் காய் வராது, பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

#13 — கொல்லைப்புறம்
தேனீ பெட்டி வச்சா கத்தரி, தக்காளி காய் கூடுமா?

#14 — கத்தரிக்காடு
இந்த இரண்டுக்கும் தேனீப் பெட்டி அவ்வளவு உதவாது. துளை வழியாகத் தூளைக் கறக்க, பூவைப் பிடித்துக்கொண்டு இறக்கைத் தசையை அதிர வைக்கத் தெரிய வேண்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டு என்று சொல்கிறோமே, மூங்கிலையும் உத்தரத்தையும் துளைக்கும் தச்சுத்தேனீ, அதற்குத் தெரியும். வயிற்றில் நீலப்பட்டை உள்ள தனித் தேனீக்கும் தெரியும். பக்கத்தில் போய் நின்றால் பறக்கும் சத்தம் ஒன்று, பூவில் தொற்றியதும் கீச்சென்று உயரும் சத்தம் ஒன்று, இரண்டும் தனித்தனியாகக் காதில் விழும். பழைய மூங்கில் துண்டு நாலைத் தோட்டத்தில் கட்டி வையுங்கள்.

தக்காளியில் மகரந்தப்பைகள் ஒட்டிக் குழாயாகி, உள்பக்கமாக வெடிக்கின்றன. சூலகத்தண்டு அந்தக் குழாய்க்குள்ளேயே இருப்பதால் காற்றாட்டமே பெரும்பாலும் போதும். காற்றில்லாத மாடி மூலையில், காலை 9–11 மணிக்குப் பூக்கொத்தின் காம்பில் பேட்டரி பல் துலக்கியின் பின்பக்கத்தை இரண்டு மூன்று விநாடி வையுங்கள். பூவின் மேல் வேண்டாம். கோடையில் பகல் 35 டிகிரியைத் தாண்டினால் தூள் மலடாகும், சில இரகங்களில் தண்டு குழாய்க்கு வெளியே நீண்டுவிடும். அப்போது எதைத் தட்டினாலும் பயனில்லை. நிழல்வலை, அல்லது பருவத்தை மாற்றுவது.

#15 — பப்பாளித்தோப்பு
பப்பாளிக்குப் பதில் சொல்கிறேன். சரம் சரமாக நீளக் காம்பில் தொங்குகிறது என்றால் ஆண்மரம். பப்பாளியில் மூன்று வகை மரம் உண்டு, பூவை வைத்துத்தான் தெரியும். நட்டு ஐந்தாறு மாதம் ஆகும் வரை இலையைப் பார்த்து, வேரைப் பார்த்துச் சொல்வதெல்லாம் ஊகம்.

ஆண்: முழ நீளச் சரம், மெல்லிய குழல் பூ, உள்ளே பத்து மகரந்தத்தாள், சூற்பை இருந்தும் இல்லாத மாதிரி ஊசியாக. பெண்: தண்டை ஒட்டித் தடித்த மொட்டு, இதழ் ஐந்தும் அடிவரை தனித்தனி, உள்ளே உருண்டைச் சூற்பை, மகரந்தத்தாள் ஒன்றுகூட இருக்காது. பழம் உருண்டை, உள்ளே பெரிய குழி. இருபால்: மொட்டு நீளம், இதழ் பாதிவரை குழலாக ஒட்டியிருக்கும், நீளச் சூற்பையைச் சுற்றிப் பத்துத் தாள். தன் தூளிலேயே காய்க்கும். கடையில் விற்கும் நீளப் பழம் இதுதான்.

இருபால் மரத்தில்தான் தலைவலியும் அதிகம், பூ நிலையாக நிற்காது. கடும் கோடையிலும் தண்ணீர்க் குறைவிலும் சூற்பை சுருங்கி, ஆண்பூ போலாகி உதிரும். மரத்தில் காய்வரிசை நடுவே வெற்றிடம் விழுவது அதனால். குளிரும் ஈரமும் தழைச்சத்தும் கூடினால் எதிர்ப்பக்கம்: மகரந்தத்தாள்கள் சூற்பைச் சுவரோடு ஒட்டி, பழம் கோணல்மாணலாக, பூனை முகம் போல வரும். அவற்றைப் பிஞ்சிலேயே கிள்ளிவிடுங்கள். ஐந்தே தாள் உள்ள இருபால் பூவும் உண்டு, பழத்தில் ஐந்து பள்ளம் விழும். தின்ன நன்றாகவே இருக்கும்.

#16 — மாடிச்செடி
ஆண்மரத்துல ஆணி அடிச்சா பெண்ணா மாறும்னு எல்லாரும் சொல்றாங்களே?

#17 — பப்பாளித்தோப்பு
ஆணிக்கு அந்தச் சக்தி கிடையாது. சில ஆண்மரங்கள் பருவம் மாறும்போது தாமாகவே சரத்தின் நுனியில் ஒன்றிரண்டு இருபால் பூ விட்டு, நீளக் காம்பில் சின்னக் காய் தொங்கவிடும். அந்த நேரத்தில் யார் ஆணி அடித்தாரோ அவருக்குப் பேர். ஆணி அடித்தும் மாறாத மரங்களை யாரும் கணக்கு வைப்பதில்லை. காயத்தில் அழுகல் புகுவதுதான் மிச்சம்.

வெட்டிவிட்டு மறுபடி வையுங்கள். கோ 3, கோ 7 இரண்டும் பெண்ணும் இருபாலும் மட்டும் வரும் இரகம், ஆண் வராது. ரெட் லேடியும் அப்படியே. கோ 2, கோ 5, கோ 6, கோ 8 ஆகியவை ஆண், பெண் தனித்தனி. அதில் 20 பெண்ணுக்கு ஓர் ஆண் போதும், மற்ற ஆணை எடுத்துவிடலாம். வீட்டுக்கு ஒரே மரம் என்றால் இருபால்தான், பெண்மரத்துக்குத் துணை வேண்டும்.

#18 — தாவரவியல்_ஆசிரியை
இதில் கணக்கு அழகானது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம். ஆணுக்கு எக்ஸ், ஒய். இருபாலுக்கு எக்ஸும் சற்றே வேறான ஓர் ஒய்யும். ஒய் இரண்டு சேர்ந்த கரு பிழைக்காது. எனவே இருபால் பூ தன் தூளிலேயே காய்த்தால் விதையில் இருபால் 2, பெண் 1 என்ற விகிதம். பெண்மரத்தில் இருபால் தூள் சேர்ந்தால் சரிபாதி. இருபால் மரத்துக்குப் பக்கத்து ஆண்மரத் தூள் சேர்ந்துவிட்டால் பெண், இருபால், ஆண் மூன்றும் சம அளவில் வரும்.

நீளப் பழத்தின் விதையை, ஆண்மரம் அருகில் இல்லாத தோப்பிலிருந்து எடுங்கள். ஒரு குழிக்கு மூன்று நாற்று நட்டால் மூன்றும் பெண்ணாகப் போகும் வாய்ப்பு 27-இல் ஒன்றுதான். இரண்டு நட்டால் 9-இல் ஒன்று.

#19 — பப்பாளித்தோப்பு
ஆமாம், மூன்று நட்டுப் பூத்ததும் ஒன்றை விட்டு மற்றதை அறுத்துவிட வேண்டும். பிடுங்கினால் நிற்கிற மரத்தின் வேரும் அறும். ரெட் லேடி வீரிய ஒட்டு. அதன் பழ விதையில் வரும் மரம் தாயைப் போல இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

#20 — கொல்லைப்புறம்
மெழுகுபாகலும் இப்படித் தனித்தனி மரம்… தனித்தனிக் கொடிதானே? கிழங்கு வாங்கி நட்டதுல பூ மட்டும் வருது.

#21 — பந்தல்காரர்
அதேதான். ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. பூ அடியில முள்ளுக்காய் ஒண்ணுகூட இல்லைன்னா உங்க கையில கிடைச்சது ஆண் கிழங்கு. விதையில போட்டா பாதிக்குப் பாதி ஆண் வரும், அதனால பூத்ததும் அடையாளம் கட்டி வச்சுக்கிட்டு, பெண் கொடிக் கிழங்கை மட்டும் பிரிச்சு நடுவாங்க. எட்டுப் பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் இருக்கணும். ஆணை அடியோட ஒழிச்சுடாதீங்க. கோவைக்காயும் அதே சாதிதான், அதனாலதான் காய்ச்ச கொடியோட குச்சியை வெட்டி நடுறோம்.

#22 — கத்தரிக்காடு
தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகி ஒன்று. கானாவாழையைப் பிடுங்கிப் பிடுங்கி மாளவில்லை என்பவர்கள், அடுத்த முறை வேரோடு மண்ணைத் தட்டிப் பாருங்கள். மேலே நீலப்பூ பூப்பது போக, மண்ணுக்குள் வெள்ளையாக ஓடும் தண்டில் திறக்காத குட்டிப் பூக்கள் இருக்கும். பூச்சியே வேண்டாம், மொட்டுக்குள்ளேயே தூள் சேர்ந்து அங்கேயே விதை. பூ வருமுன் மேலே அறுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம், கீழே அது பாட்டுக்கு வேலையை முடித்திருக்கும். மண்வெட்டியால் கொத்தி, வேர்ப்பகுதியோடு அள்ளி வெயிலில் போட்டால்தான் குறையும்.

#23 — மாடிச்செடி
நேத்து சாயங்காலம் பந்தலைப் பார்த்தேன். பீர்க்குல நாலு பெண் மொட்டு இருக்கு. ஆனா ஆண்பூ பந்தலோட அந்தப் பக்கம், கைக்கு எட்டாத உயரத்துல. வேலை முடிஞ்சு வர ஏழரை ஆகிடும். ஆண்பூவைக் காலைலயே பறிச்சு ஃப்ரிட்ஜுல வைக்கலாமா?

#24 — பந்தல்காரர்
ஃப்ரிட்ஜ் வேண்டாம், ஈரம் கோத்துக்கும். அன்னிக்கு விரியப் போற ஆண் மொட்டை விரல் நீளக் காம்போட வெட்டி, காம்பு மட்டும் முங்குற மாதிரி டம்ளர் தண்ணியில வச்சு நிழல்ல விடுங்க. சாயங்காலம் அதுவே விரியும். ஏழரைக்குச் செய்யலாம், டார்ச் வெளிச்சம் போதும். சுரை ஆண்பூவைப் பீர்க்குல தடவிடாதீங்க, இருட்டுல ரெண்டும் கைக்கு ஒண்ணாத்தான் தெரியும். சுரை இதழ் வெள்ளை. மிஞ்சின பூவை மறுநாளைக்குன்னு எடுத்து வைக்க வேண்டாம், தூக்கிப் போட்டுட்டுப் புதுசா பறிங்க.